செல்வமலரின் வலது கால்

இல்ஃபோர்டில் செல்வமலரைத் தெரியாத தமிழர் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப்பேர் ஒருநாளாவது அவளிடம் பஸ்ஸில் ஏச்சு வாங்கியவர்கள். இருபத்திரண்டு வருடம் இரட்டைமாடிப் பஸ் ஓட்டினாள். மணியை இரண்டு தரம் அமத்தினால் ஏச்சு, இறங்கும் கதவால் ஏறினால் ஏச்சு, "அன்ரி, ஒரு ஸ்டொப்தானே" என்று சொந்தம் கொண்டாடினால் ஏச்சோடு சிரிப்பும் சேர்த்துக் கிடைக்கும். ஆனால் ஒன்றை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அவள் பஸ்ஸை நிறுத்துவது தெரியவே தெரியாது. வண்டி இன்னும் ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, கதவு திறந்துவிடும்.

ஐம்பத்தேழாவது வயதில், வலது முழங்கால் இனி முடியாது என்று அடம்பிடிக்க, வேலையை விட்டாள். விட்ட அடுத்த கிழமையே ஒரு கார் வாங்கினாள். அறுபத்தேழாம் ஆண்டு மொறிஸ் மைனர். மங்கிய பச்சை நிறம், இரண்டே கதவு. வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டு வாசலில் மூன்று வருடமாக நின்ற கார் அது. பஸ்ஸை அந்தத் தெருவால் ஓட்டும்போதெல்லாம் அதற்குக் கண்ணைக் காட்டிவிட்டுத்தான் போவாள். விற்பனைக்கு என்று அட்டை தொங்கியதும் தலைகால் தெரியாமல் போய் வாங்கிவிட்டாள்.

"அம்மா, சீரியஸ்லி? இது மியூசியத்தில நிக்கவேண்டிய சாமான்" என்றாள் மகள் தாரகா.

"அப்ப என்னையும் பக்கத்திலை நிப்பாட்டிவிடு" என்று சொல்லிவிட்டுச் செல்வமலர் காரைத் துடைக்கப் போனாள்.

முதல் ஓட்டத்துக்கு அழைத்துப்போனது சபாரத்தினத்தை. காலமான கணவன் ஞானேஸ்வரனின் மூத்த அண்ணன் அவர். வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் விழுந்தால் அந்த நாளே கெட்டுப்போகும் மனுசர். கோயில் வாசலில் நிறுத்தவேண்டும். பஸ்ஸுக்குக் காற்றுப் பிரேக். பாதத்தை மெல்ல வைத்தால் போதும், மிச்சத்தைக் காற்றுப் பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பில் செல்வமலர் பாதத்தை மெல்ல வைத்தாள். கார் அதைக் கண்டுகொள்ளாமல் கோயிலைத் தாண்டிப் போனது. மூன்று வீடு தாண்டியபின் இரண்டு காலாலும் ஏறி மிதித்தாள். கார் நின்றது, சபாரத்தினம் நிற்கவில்லை. அவருடைய நெற்றித் திருநீறு முன்சீற்றின் முதுகில் மூன்று குறியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கதையை அவர் இல்ஃபோர்ட் முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, அப்டன் பார்க்குக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இந்த நேரத்தில்தான் தாரகாவின் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை பிரவின், வால்தம்ஸ்டோப் பையன், நல்ல பிள்ளை. சந்தோஷம்தான். ஆனால் ஞானேஸ்வரன் போய் எட்டு வருடம். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் செல்வமலரை எவ்வளவு மரியாதையாகப் பின்வரிசைக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். யாரும் வாய்திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். "அக்கா, நீங்கள் இஞ்சை ஆறுதலாய் இருங்கோ" என்று ஒரு கதிரையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். மகளுடைய கலியாணத்திலும் அதே கதிரைதான். தாரைவார்த்துக் கொடுக்கச் சபாரத்தினமும் அவர் மனைவியும். ஆலாத்தி எடுக்க அவருடைய மருமகள் அஜந்தாவும் இன்னொரு பெண்ணும். குத்துவிளக்கு ஏற்ற வேறு ஆட்கள். பெற்றவளுக்குப் பந்தியை மேற்பார்வை செய்யும் உத்தியோகம்.

தாரகா சண்டைக்கு நின்றாள். "என்னைப் பெத்தது நீங்களோ பெரியம்மாவோ?"

"கலியாணத்தைச் சண்டையிலை துவங்காதை" என்று செல்வமலர் அவள் வாயை அடைத்தாள். ஆனால் வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

பிறகு ஒருநாள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை அப்படியே வைத்துவிட்டு ஐயருக்குப் போன் எடுத்தாள்.

"ஐயா, கலியாணப் பொம்பிளையைக் கொண்டுவாற காரை ஆர் ஓட்டலாம், ஆர் ஓட்டக்கூடாது எண்டு ஏதும் இருக்கோ?"

ஐயர் நெடுநேரம் யோசித்தார். பின்னால் ஏதோ புத்தகம் புரட்டும் சத்தமும் கேட்டது.

"லைசன்ஸ் இருந்தால் சரி" என்றார்.

செல்வமலர் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். எல்லாவற்றுக்கும் விதி எழுதி வைத்தவர்கள் டிரைவரை மறந்துபோனார்கள்! மகளை மண்டப வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கப்போவது அவள்தான். அதுவும் தன்னுடைய மொறிஸில்.

சபாரத்தினம் ஏற்கவில்லை. அவருக்குச் சாத்திரம் பிரச்சினையில்லை, நெற்றிதான் பிரச்சினை. வெள்ளை லிமோசின் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்.

"மலர், உன்ரை காரிலை பிரேக் பிடிச்சால் பொம்பிளை கண்ணாடிக்கு வெளியாலை போய் மாப்பிள்ளையின்ரை மடியிலை விழுவாள்."

"அது முதல்நாள் அத்தான். இப்ப பழகியிட்டன்."

"அப்பிடியெண்டால் ஒண்டு செய்வம். நிறைகுடம் ஒண்டைத் தளதளவெண்டு நிரப்பி என்ரை மடியிலை வைச்சுக்கொண்டு பின்னாலை இருக்கிறன். உன்ரை வீட்டு வாசலிலை இருந்து மண்டபம் வரைக்கும். ஒரு துளி என்ரை வேட்டியிலை பட்டால் லிமோசின்."

"பந்தயமோ?"

"பந்தயம்."

அன்றிலிருந்து செல்வமலருக்கு வேறு யோசனை இல்லை. காரோடு வால்தம்ஸ்டோவுக்குப் போனாள். அங்கே ரயில்பாதைக்குக் கீழே ஒரு வளைவுக்குள் கராஜ் வைத்திருப்பவர் பெனடிக்ற். மன்னார்க்காரர். பதினெட்டு வருடம் ஜெர்மனியில் வேலைபார்த்துவிட்டு லண்டன் வந்தவர். ஒரு நட்டைக் கழற்ற முன்னும் துணியால் துடைத்துவிட்டுத்தான் கழற்றுவார். அவரிடமும் ஒரு மொறிஸ் மைனர் நின்றது, நீல நிறம். அதற்குப் பவர் பிரேக் பூட்டியிருந்தார்.

"பாருங்கோ அக்கா. உங்கடை காரிலை கால் குடுக்கிற பலம்தான் சில்லுக்குப் போகுது. வேறை ஒரு உதவியும் இல்லை. இதிலை இந்த டப்பா எஞ்சின் இழுக்கிற காற்றை வைச்சு உங்கடை காலுக்குத் துணை நிக்கும். நீங்கள் பத்துக் கிலோ மிதிச்சால் அது இருவத்தஞ்சாக்கிக் குடுக்கும். உங்கடை முழங்காலுக்கு இதுதான் மருந்து. ரெண்டு நாளிலை பூட்டித் தருவன்."

"என்ரை காருக்கு எவ்வளவு மிதிக்கவேணும்?"

"சடுதியாய் நிப்பாட்டுறதெண்டால் முப்பது கிலோ வேணும்."

ஞாயிற்றுக்கிழமை கராஜுக்குப் பின்னால் இருந்த வெறும் தரிப்பிடத்தில் இரண்டு காரையும் ஓட்டிப் பார்த்தார்கள். செல்வமலர் வீட்டிலிருந்து குடம், மாவிலை, தேங்காய் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். கத்தோலிக்கரான பெனடிக்ற் பின்சீற்றில் நிறைகுடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஞானஸ்நானத்துக்குத் தயாரானவர்போல் உட்கார்ந்தார். முதலில் நீலக் கார். பச்சைக் காருக்குப் பழகிய கால், வழக்கம்போல் அழுத்தியது. கார் அந்த இடத்திலேயே குத்தி நின்றது. தேங்காய் பறந்து முன்கண்ணாடியில் மோதி வந்து செல்வமலரின் மடியில் இருந்தது. பெனடிக்ற் தலையிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டு, "பழகினால் சரியாகும் அக்கா" என்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் எடுத்தது. அடுத்த முறை மெதுவாக மிதித்தாள், பாதித் தண்ணீர் மிஞ்சியது. அதற்கடுத்த முறை முக்கால்வாசி. முழங்காலில் ஒரு சொட்டு வலி இல்லை. பஞ்சுமெத்தையில் கால்வைத்த சுகம்.

பிறகு தன்னுடைய பச்சைக் கார். மிதிக்க மிதிக்கப் பிரேக் கட்டை எங்கே பிடிக்கிறது, எவ்வளவு பிடிக்கிறது, எப்போது விடவேண்டும் என்று எல்லாம் பாதத்துக்குத் தெரிந்தது. குடத்துத் தண்ணீர் ஒருபக்கம் சரிந்து விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஒரு துளி சிந்தவில்லை. ஆனால் முழங்கால் கதறியது. நான்காவது தடவை காலைத் தூக்கவே முடியவில்லை.

"முடிவைச் சொல்லுங்கோ" என்றார் பெனடிக்ற், துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டு.

செல்வமலர் இரண்டு காருக்கும் நடுவில் நின்றாள். சுகம் ஒருபக்கம், வலி ஒருபக்கம். புத்தியுள்ளவள் எதை எடுப்பாள் என்று அவளுக்கும் தெரியும்.

"உதிலை ஏதும் குறை இருக்கோ தம்பி? உண்மையைச் சொல்லு."

பெனடிக்ற் பொய் சொல்லத் தெரியாதவர். "பெரிய குறை இல்லை. எஞ்சின் நிண்டிட்டால் இந்த டப்பாவுக்குக் காற்று இல்லை. ரெண்டு மூண்டு மிதிக்குத் தாங்கும், பிறகு பிரேக் மரக்கட்டைமாதிரி இறுகிப்போகும். உங்கடை காரிலை எஞ்சின் ஓடினாலும் ஒண்டுதான், நிண்டாலும் ஒண்டுதான்."

"என்ரை கார் சூடேறினால் நிக்கிறது நாள்வழக்கம்."

"அதையும் பாக்கத்தான் வேணும்."

"அதுமட்டுமில்லை தம்பி. உதிலை நிப்பாட்டுறது நானோ டப்பாவோ எண்டு எனக்கு விளங்கேல்லை. இந்தக் கலியாணத்திலை நான் செய்யிறது இது ஒண்டுதான். அதையும் டப்பாவிட்டைக் குடுக்க மாட்டன்."

பெனடிக்ற் பச்சைக் காரின் பிரேக்கைக் கழற்றித் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, நான்கு சில்லும் ஒரேயளவாகப் பிடிக்கும்படி பூட்டிக்கொடுத்தார்.

மிச்சம் இருந்தது கால். இல்ஃபோர்ட் வீட்டுக் குளியலறையில் நிறை பார்க்கும் தராசு ஒன்று இருந்தது. அதைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வலது காலால் தராசை உதைத்தாள். பதினேழு கிலோ காட்டியது. முழங்கால் "அம்மா" என்றது. மறுநாள் பதினேழரை. நாட்டியம் பழகும் பிள்ளைகள்கூட அவ்வளவு ஒழுங்காகப் பழகமாட்டார்கள். காலையில் தேத்தண்ணீருக்கு முதல் இருபது தரம், கலியாண அட்டைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டே இருபது தரம், மாப்பிள்ளை வீட்டாரோடு போனில் கதைத்துக்கொண்டே இருபது தரம். இடையிடையே வரும் முனகலைக் கேட்டு மாப்பிள்ளையின் தாய் பயந்துபோனாள். "சம்பந்தி, ஏதும் சுகமில்லையோ?" "இல்லை, இல்லை, இருவத்திநாலு வந்திட்டுது!" என்று இவள் கத்த, அந்த மனுசி குழம்பிப்போய்ப் போனை வைத்தாள். வேலைக்குப் போய்வந்த தாரகா ஒவ்வொரு மாலையும் முதலில் கேட்டது கலியாணச் சேலையைப் பற்றியல்ல.

"இண்டைக்கு எவ்வளவு அம்மா?"

"இருவத்தொன்பது!"

முப்பத்தொன்று வந்த அன்று தாயும் மகளும் குளியலறைக்குள்ளேயே கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள்.

பந்தயநாள் சபாரத்தினம் கஞ்சிபோட்ட வேட்டியோடு வந்தார். நிறைகுடத்தைத் தன் கையாலேயே நிரப்பினார். கடைசியில் தேக்கரண்டியாலும் இரண்டு தரம் விட்டார். அவ்வளவு சந்தேகம்! பின்சீற்றில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். தாரகா நடுவராக முன்னால் இருந்தாள். இல்ஃபோர்டிலிருந்து வால்தம்ஸ்டோ மண்டபம்வரை இருபத்தேழு சிக்னல், பதினொரு பாதசாரிக் கடவை, எண்ண ஏலாத வேகத்தடைகள். செல்வமலர் பஸ் கண்ணை வைத்துத் தூரத்திலேயே எல்லாவற்றையும் பிடித்துவிட்டாள். கார் ஒவ்வொரு சிக்னலிலும் மூச்சுவிடுவதுபோல் நின்றது. கடைசித் திருப்பத்தில் உணவு கொண்டுபோகும் மோட்டார்சைக்கிள் ஒன்று சடாரென்று குறுக்கே வந்தது. வலது கால் இறங்கியது. முப்பது கிலோவும் இறங்கியது. ஆனால் உதையாக இல்லை, ஒரே அழுத்தாக. குடத்துத் தண்ணீர் முன்பக்கம் எழும்பி, விளிம்பில் ஏறி, அங்கேயே நின்று யோசித்து, திரும்பிப் போய்ப் படுத்தது.

கார் மண்டபத்துக்கு முன்னால் போய் நின்றது. சபாரத்தினம் வேட்டியைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"கெட்டிக்காரி!" என்று கத்தி இரண்டு கையையும் தூக்கித் தட்டினார்.

அந்த இரண்டு கையும்தான் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவை. குடம் அப்படியே கவிழ்ந்தது. வேட்டி, சால்வை, சப்பாத்து எல்லாம் குளித்தன. தேங்காய் காலடியில் உருண்டது. தாரகா சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது.

"அத்தான், வேட்டி நனைஞ்சுபோச்சு. லிமோசினோ?" என்றாள் செல்வமலர்.

"போடி விசரி" என்றார் சபாரத்தினம். தம்பி போனபிறகு அவர் இப்படிக் கண்ணில் நீர்வரச் சிரித்ததைச் செல்வமலர் கண்டதில்லை.

கலியாணநாள் நல்ல வெயில். செல்வமலர் பட்டுச்சேலைக்குக் கீழே பழைய பஸ் சப்பாத்துப் போட்டிருந்தாள். இரண்டு கதவுக் காரின் பின்சீற்றுக்குள் கலியாணச் சேலையோடு குனிந்து ஏற முடியாது என்பதால் தாரகா முன்னால், தாய்க்குப் பக்கத்திலேயே இருந்தாள். யாரோ ஒரு சொந்தக்காரி கடைசி நேரத்தில் ஓடிவந்து, "இதை மறந்து போனியள்" என்று குத்துவிளக்குப் பெட்டியை இரண்டு சீற்றுக்கும் நடுவில் செருகிவிட்டுப் போனாள். கைபிரேக் இருப்பதும் அதே இடத்தில்தான். அந்தப் பரபரப்பில் அதை யார் பார்த்தார்கள்?

வழிநெடுகச் சனம் கையசைத்தது. சிக்னலில் நின்ற பஸ் ஒன்றிலிருந்து பழைய கூட்டாளி டிரைவர் ஹோர்ன் அடித்தான். செல்வமலர் பதிலுக்கு அடிக்க, மொறிஸ் வாத்துக்குஞ்சுபோல் கத்தியது. தாயும் மகளும் மண்டபம் வரும்வரை சிரித்தார்கள்.

மண்டப வாசலுக்கு ஒரு ஏற்றம் உண்டு. மேலே நாதஸ்வரம், ஆலாத்தித் தட்டோடு அஜந்தாவும் மற்றப் பெண்ணும், ஈரம் காய்ந்த வேட்டியோடு சபாரத்தினம். கார் பாதி ஏற்றத்தில் வரும்போது படம் எடுப்பவன் குறுக்கே பாய்ந்து, "அன்ரி, ஒரு ஷொட்!" என்று கையைக் காட்டினான். செல்வமலர் நிறுத்தினாள். சூடேறிய எஞ்சின் ஒருதரம் இருமிவிட்டு நின்றுபோனது. எஞ்சினைக் கிளப்பத் திறப்பைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. கைபிரேக்குக்குக் கையை விட்டாள், குத்துவிளக்குப் பெட்டிதான் தட்டுப்பட்டது. கியரில் போட்டாள். ஆனால் இவ்வளவு ஏற்றத்தில், பக்கத்தில் மகளை வைத்துக்கொண்டு, கியரை நம்பிக் காலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எஞ்சின் செத்த காரை வலது கால் ஒன்றே பிடித்துக்கொண்டு நின்றது.

"ஆரும் பின்னாலை நிக்காதையுங்கோ!" என்று பஸ் குரலில் கத்தினாள்.

சபாரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, வாசலில் உடைக்க வைத்திருந்த தேங்காயைப் பின்சில்லுக்கு முண்டுகொடுத்தார். உருண்டைத் தேங்காயை நம்பிப் பிரேக்கை விட முடியுமா?

"முகூர்த்தத்துக்கு நேரமாகுது" என்று உள்ளேயிருந்து ஐயரின் குரல் வந்தது.

"தாரகா, நீர் இறங்கி வாரும், ஆலாத்தி எடுப்பம்" என்றாள் அஜந்தா. "மாமி காரோடை இருக்கட்டும்."

"நான் இறங்கமாட்டன்" என்றாள் தாரகா. "அம்மா பிரேக்கிலை நிக்கிறா. ஆலாத்தியை இஞ்சையே எடுங்கோ. காருக்கு முன்னாலை நிண்டு எடுங்கோ."

காருக்கு முன்னால் நின்று எடுத்தால் தட்டு யாரைச் சுற்றும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அஜந்தா சபாரத்தினத்தைப் பார்த்தாள். நாதஸ்வரக்காரர்கூட வாயை எடுத்துவிட்டுப் பார்த்தார். சபாரத்தினம் காருக்குள் எட்டிப் பார்த்தார். பட்டுச்சேலைக்கு மேலாக முழங்கால் நடுங்குவது தெரிந்தது. பாதம் நடுங்கவில்லை.

"எடுங்கோ" என்றார். "ரெண்டு பேருக்கும் எடுங்கோ."

தட்டில் மூன்று வாழைப்பழத் துண்டுகளில் திரிகள் எரிந்தன. கண்ணாடிக்கு முன்னால் அவை மெல்ல மேலே போய், பக்கம் வந்து, கீழே இறங்கின. மகளையும் தாயையும் பச்சைக் காரையும் சேர்த்து மூன்று தரம் சுற்றின. செல்வமலருக்கு முகத்தைத் திருப்பவேண்டும்போல் இருந்தது. திருப்ப முடியாது. பிரேக்கில் நிற்கிறவள் முன்னால்தான் பார்க்கவேண்டும். அப்போது ஓரக்கண்ணில் ஒன்று தெரிந்தது. மருதாணிபோட்ட மகளின் கை குத்துவிளக்குப் பெட்டியின்மேல் இருந்தது. பெட்டியைக் கொஞ்சம் சரித்தால் கைபிரேக் வெளியே வந்துவிடும். அந்தக் கை பெட்டியைச் சரிக்கவில்லை, அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

கள்ளி!

அஜந்தா தாரகாவின் நெற்றியில் தட்டிலிருந்து பொட்டு வைத்தாள். பிறகு காரைச் சுற்றி டிரைவர் பக்கம் வந்தாள். திறந்திருந்த கண்ணாடியால் கையை நீட்டியவள் நெற்றிக்கு ஒரு விரற்கடைக்கு முன்னால் தயங்கி நின்றாள். எட்டு வருடமாக யாரும் தொடாத நெற்றி அது.

"மாமி, கால் நோகுதோ?" என்று கேட்டாள். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்ட கேள்வி.

செல்வமலர் சிரித்தாள். கண்ணீர் தன்பாட்டில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் கை போகவில்லை.

"நோகுது பிள்ளை" என்றாள். "நீ ஆறுதலாய் வை. எனக்கு இன்னும் கொஞ்சநேரம் பிடிக்க ஏலும்."